முத்தம்மாவும் டோ மியாவும்

அத்தை பதில்கள் – ரங்கூன்

கேள்வி: அத்தை, அகதிகளுக்குக் கண்ணைப் படம்பிடித்துத்தான் சாமான் கொடுக்கிறார்களாமே? நர்கீஸ் புயல் சமயம் நீங்கள் கோயில் மண்டபத்தில் ஒரே ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அரிசி அளந்தீர்களே. எதற்கு இத்தனை ஆடம்பரம்?
– பெகு வாசகர்

பதில்: அந்த நோட்டைப் பெரிதாக நினைத்துவிட்டீர்கள். அதில் நான் எங்கே கோட்டைவிட்டேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். 2008 மே மாதம். வீட்டுக்கு இரண்டு பிய் (பர்மிய அளவு) அரிசி என்று கணக்கு. படி கிடைக்காமல் பால் டின்னால் அளந்தோம்; எட்டு டின் ஒரு பிய். முதல் நாள் 'முத்தம்மா' வாங்கிப் போனார். மறுநாள் 'டோ மியா' பெயருக்கு அளந்தோம். இரண்டும் ஒரே ஆள்! நமக்குத்தான் வீட்டில் ஒரு தமிழ்ப் பேர், பதிவு அட்டையில் ஒரு பர்மியப் பேர் ஆயிற்றே. அந்தம்மா ஏமாற்றவில்லை. அவர் பெயர் ஏற்கெனவே நோட்டில் இருப்பது தெரியாமல் மகன் அட்டையைக் கொண்டுவந்து எழுதவைத்திருக்கிறான். ஆனால் அன்று வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பாட்டி, கொண்டுவந்த மாவுப் பையை நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போனார்.

ஒரு மண்டபத்திலேயே இந்தக் கூத்து. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் வரிசை எவ்வளவு நீளம் தெரியுமா? மூன்றே வருடத்தில் கடையைக் கட்டிவிடலாம் என்று 1951-ல் வேலையைத் தொடங்கிய அமைப்பு அது. கெடுவை நீட்டி நீட்டி, 2003-ல்தான் பொதுச்சபை அதை ஒரேயடியாக எடுத்தது. 2014 கடைசியில் உலகத்தில் வீடுவாசல் விட்டு ஓடியவர்கள் சுமார் 6 கோடி. 2024 கடைசியில் 12 கோடியே 32 லட்சம். பாதிக்கு மேல் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறவர்கள். இதற்கு எத்தனை நோட்டு போடுவது? மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்துவிடும், கருவிழி தேயாது. ஜோர்டான் நாட்டு ஜாத்தாரி முகாமில் 2016-லேயே சிரியாக்காரர்கள் கடைக் கல்லாவில் கண்ணைக் காட்டி மளிகை வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டியதை அவர்களே பொறுக்கி எடுக்கலாம். எனக்குப் பிடித்தது அதுதான். எங்கள் மண்டபத்தில் சர்க்கரை வியாதிக்காரருக்கும் அதே இரண்டு பிய்.

கேள்வி: அப்படியானால் நம்ம பக்கமும் வரட்டும் என்கிறீர்களா, அத்தை?
– தட்டோன் வாசகி

பதில்: பொறு தாயி. 1964-ல் கடைகளை அரசுடைமை ஆக்கியபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா கடைக்கு ஒருவர் தாளோடு வந்தார். தராசு இரண்டு, அலமாரி மூன்று, கல்லாப்பெட்டி ஒன்று என்று வாசித்துக்கொண்டே போனார். ஒன்றும் தப்பவில்லை. எப்படித் தப்பும்? வரிக்காக அப்பாவே தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த பட்டியல் அது!

அதனால், எந்தப் பதிவானாலும் அது யார் கைக்குப் போகிறது என்றுதான் முதலில் கேட்பேன். வங்காளதேசத்துக்கு ஓடிய ரோஹிங்கியாக்களுக்குக் கண்ணும் விரலும் பதிந்து அட்டை கொடுத்தார்கள். அந்த விவரங்கள் முறையான சம்மதம் இல்லாமல், அவர்கள் தப்பி வந்த நாட்டுக்கே போய்ச் சேர்ந்தன என்று 2021-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு குற்றம் சொன்னது. கேட்டுவிட்டுத்தான் கொடுத்தோம் என்றது ஆணையம். எந்த நாடு என்று நான் எழுத வேண்டாமே. அட்டையென்றால் ஆற்றில் எறிந்துவிட்டு ஓடலாம். கண்ணை எங்கே எறிவது?

கேள்வி: கரண்ட் இருந்தால்தானே இதெல்லாம்?
– ரங்கூன் வாசகர்

பதில்: இந்தப் பதில்களை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை போய்விட்டது. நோட்டை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் பேருக்கு இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன்.