தலைமாட்டில் செல்போன்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். இரண்டாம் முறை அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கொஞ்சத்தில் இடம் தவறிப்போனது. மூன்றாம் முறை எழுதச் சொன்னால், "வேண்டாம்மா, நர்சிங்கோ பாராமெடிக்கலோ வேலூரிலேயே சேர்ந்துகொள்கிறேன்" என்கிறாள். டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இப்போது நர்ஸ் என்றால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி சூப்பர்வைசர். வீட்டை அடமானம் வைத்தாவது வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்று ஓர் ஏஜென்டிடம் பேசி வைத்திருக்கிறார். மகளுக்குப் படிப்பில் கவனம் போதாது. பகலில் புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுகிறாள், ராத்திரியெல்லாம் செல்போனைத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். என் மாமியார் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதால் மகள்தான் துணைக்குப் படுக்கிறாள். கடவுள் புண்ணியத்தில் இதுவரை படுக்கைப் புண் வரவில்லை. மகனுக்குக் காலையில் காலேஜ் பஸ். எனக்கு முதுகுவலி. நாங்கள் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சத்துவாச்சாரி

பதில்: சகோதரி, நீட் ரிசல்ட் வந்த கையோடு இதே கேள்வி எனக்கு வருஷாவருஷம் வரும். மனம் தளராதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ராத்திரியெல்லாம் செல்போன் தலைமாட்டில் இருக்கிறது என்று குறைப்படுகிறீர்கள். அடுத்த வரியிலேயே மாமியாரை இரண்டு மணிக்கொரு தரம் திருப்ப வேண்டும் என்கிறீர்கள். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நாலு. இந்த நேரத்துக்கெல்லாம் அந்தப் பெண்ணை எழுப்பிவிடுவது யார்? நீங்களா? உங்கள் வீட்டுக்காரரா? அந்தப் போனில் இருக்கும் அலாரம்தானே? இரண்டு வரியையும் உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்புவது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். விரிப்போடு சேர்த்து இழுத்து ஒருக்களிக்க வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று. குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துணி. டார்ச் அடித்து வால் எலும்பிலும் இடுப்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணி நனைந்திருந்தால் துடைத்து மாற்ற வேண்டும். அப்புறம் கை கழுவிவிட்டு வந்து படுத்தால் உடனே தூக்கம் வருமா? கண் அசரும் நேரத்தில் அடுத்த அலாரம். இதை இரண்டு வருஷமாக ஒரு சின்னப் பெண் தன்னந்தனியாகச் செய்கிறாள். கடவுள் புண்ணியம் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். உங்கள் மாமியார் உடம்பில் புண் வராததற்குக் காரணம் உங்கள் மகள். அதை அவளிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா?

நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு நாலு கிடைக்கும், தப்பானால் ஒன்று கழியும். தூக்கம் கெட்ட தலையோடு உட்கார்ந்தால் தெரிந்த கேள்வியைக்கூடத் தப்பாகப் படிக்கத் தோன்றும். கொஞ்சத்தில் போனது என்கிறீர்களே, அந்தக் கொஞ்சம் உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் போயிருக்கக் கூடாதா?

வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பெற்றவர்களை யார் தலையிலோ கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற வீட்டை நான் மதிப்பதில்லை. ஆனால் அந்தக் கடமையில் முதல் ஆள் பெற்ற மகன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பதில், துணி மாற்றுவதில் ஓர் ஆண்பிள்ளைக்கு என்ன குறைந்துவிடும்? உங்கள் மாமியார் அவருக்குச் செய்யாததா? பத்து மணியும் பன்னிரண்டு மணியும் உங்கள் வீட்டுக்காரருடைய முறை. நாலு மணி உங்கள் மகனுடையது. காலேஜ் பஸ்ஸுக்கு எழுந்திருக்கிறவன் கொஞ்சம் முன்னதாக எழுந்துகொள்ளட்டும். பேரனுக்கும் அவர் பாட்டிதானே? இரண்டு மணிக்கு நீங்கள் எழுந்திருங்கள். முதுகுவலி நிஜம்தான், அதனால் தூக்கவேண்டாம். வீட்டுக்காரரை எழுப்பி அவரைத் திருப்பச் சொல்லிவிட்டு, தலையணை வைக்கிற வேலையை நீங்கள் பாருங்கள். காற்று மெத்தை வாங்கினால் கொஞ்சம் உதவியாக இருக்கும், ஆனால் திருப்புவதை நிறுத்த முடியாது. 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் இந்த வாரமே பெயரைக் கொடுங்கள். உங்கள் மகள் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.

ஒரு மாதம் அப்படித் தூங்கிய பிறகு நர்சிங் பேச்சை எடுங்கள். இப்போது அவள் கேட்பது விருப்பத்தினாலா, அலுத்துப்போய் எதிலாவது சேர்ந்து தப்பித்தால் போதும் என்றா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பாட்டியை நன்றாகப் பார்த்துக்கொண்டாள், அதனால் நர்சிங்தான் அவளுக்கு என்று நீங்களே முடிவு கட்டினால் அதுவும் அநியாயம்தான். தெளிந்த தலையோடு நீட்டுக்கே மறுபடி உட்காருகிறேன் என்றால் உட்காரட்டும். எத்தனை முறை எழுதலாம் என்று அதற்கு வரம்பு கிடையாது. இல்லை, நர்சிங்தான் வேண்டும் என்றால் அதற்கப்புறம் வீட்டில் ஒருவரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது.

சொந்தக்காரர் முகத்தில் விழிப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். வேலூரில் இருந்துகொண்டா நர்ஸ் படிப்பைக் குறைவாக நினைக்கிறீர்கள்? டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அங்கே நர்ஸ் பயிற்சி 1909-இலேயே வந்துவிட்டது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, 1918-இல்தான் வந்தது. 1946-இல் இந்தியாவில் முதன்முதலாக பி.எஸ்ஸி. நர்சிங் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. வடக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறவர்கள் எந்த நம்பிக்கையில் வருகிறார்கள்? ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருப்பது நர்ஸ். உங்கள் சொந்தக்காரர்களிலும் அந்தக் கையால் பிழைத்து வந்தவர்கள் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

நர்சிங் மட்டும்தான் என்றும் இல்லை. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ரேடியோகிராபி, டயாலிசிஸ், பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று எத்தனையோ இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களை மறுபடி எழுந்து உட்கார வைப்பது தனிப் படிப்பு. 1954-இல் கார் விபத்தில் இரண்டு காலும் செயலற்றுப் போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறையை வளர்த்தார். பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மையம் 1966-இல் வந்தது. உங்கள் மகளை ஒருநாள் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

வெளிநாட்டு விஷயத்தில் என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். அங்கே சேரவும் நீட்டில் தகுதி மதிப்பெண் வேண்டும், அது உங்கள் மகளிடம் இருக்கலாம். ஏஜென்ட் பேசாமல் விடுவது அதற்குப் பிறகு வருவதை. 2021 விதிப்படி குறைந்தது 54 மாதம் ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டும், அங்கேயே ஒரு வருஷம் பயிற்சி, இங்கே வந்து இன்னொரு வருஷம் பயிற்சி, நடுவில் வெளிநாட்டில் படித்து வந்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. என்கிற தகுதித் தேர்வு. அதில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். பெரும்பாலும் எழுதுகிறவர்களில் பாதிப்பேர்கூடத் தேறுவதில்லை. தேறாவிட்டால் வட்டி கட்டப்போவது யார்? வேண்டாம் என்று சொல்கிற பெண்ணை, இருக்கிற ஒரே வீட்டை வைத்துக் கப்பலேற்றுவது பெற்றவர்கள் செய்கிற காரியமா? வீட்டுப் பத்திரம் பீரோவைவிட்டு வெளியே வரக் கூடாது.

அவள் முடிவெடுக்க ஒரு மாதம் ஆகட்டும், விண்ணப்பம் அதுவரை காத்திருக்காது. அரசுக் கவுன்சலிங்கில் பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம். பாராமெடிக்கலில் அவள் கேட்கிற படிப்புக்கு நீட் வேண்டுமா என்று அந்த வருஷத்து அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சி.எம்.சி.க்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது முன்கூட்டியே முடிந்துவிடும், இந்த வருஷம் தாண்டியிருந்தால் அடுத்த வருஷத்துக்குத் தேதியைக் குறித்துவையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நெட் சென்டருக்கு அவளை உங்கள் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போகட்டும். அந்த நேரத்தில் பாட்டியை மகன் பார்த்துக்கொள்ளட்டும்.