கொல்லைப்புறத்துப் பறவைகளும் மாமா கொடுத்த ஏர் கன்னும்

கேள்வி: பத்து வருடம் சென்னையில் இருந்துவிட்டு, தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் முருங்கை, கொய்யா, பெரிய வேம்பு, கிணற்றடியில் வாழை எல்லாம் இருக்கின்றன. காலையில் ஏகப்பட்ட பறவைகள் வருகின்றன. காகம், மைனா, கிளி தவிர எதற்கும் எனக்குப் பெயர் தெரியாது. என் தாத்தா கவுதாரி, காடை, புறா வேட்டையில் பேர் போனவர். இப்போது மாமா ஒரு ஏர் கன் கொடுத்திருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனும் ஆசைப்படுகிறான். எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது, எப்படித் தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பதில்: வேட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் தாமதம் கூடாது. கொல்லைக்கு வரும் எந்தப் பறவையையும் அடிக்கக் கூடாது. கவுதாரியும் கூடாது, காடையும் கூடாது, புறாவும் கூடாது.

தாத்தா காலம் வேறு. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட முதலில் சில உயிரினங்களை உரிமம் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2022-இல் மறுபடியும் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அபராதத்தையும் கூட்டினார்கள். பொதுவாக மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் போல, அதிகப் பாதுகாப்புக்காகச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்திருக்கும் உயிர் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. "காகம் தீங்குயிர்ப் பட்டியலில்தானே இருக்கிறது" என்று ஊரில் யாராவது சொல்வார்கள். பயிருக்கும் பொருளுக்கும் கேடு, கொன்றாலும் குற்றமில்லை என்று விடப்பட்ட உயிர்களின் பட்டியல் அது. முன்பு காகம் அதில் இருந்தது உண்மை. அந்தப் பட்டியலையே இந்தத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ரொம்ப அகலமான பொருள். கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, இரை போட்டு வரவழைத்துப் பிடிப்பது, குறி தவறிப்போன முயற்சி எல்லாமே வேட்டைதான். பறவை விஷயத்தில் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட அதில் சேரும். பையனிடம் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். கூட்டுக்குள் கையை விட்டுப் பார்க்கும் ஆசை அந்த வயதில் எல்லோருக்கும் வரும்.

ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்று உங்கள் மாமா சொல்லியிருக்கலாம். விசை குறைந்த ரகத்துக்கு அது சரி. ஆனால் வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்பதால் அதை வைத்துப் பறவையை அடிக்கலாம் என்று ஆகிவிடாது. குறி பார்த்துச் சுடுவதில் பையனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில் அட்டையில் வட்டம் வரைந்து பழக்குங்கள். அது நல்ல விளையாட்டு. காடைக் கறி சாப்பிடத்தான் ஆசை என்றால் பண்ணைக் காடை வாங்குங்கள். அது ஜப்பானியக் காடை, வளர்ப்புப் பறவை. உங்கள் ஊர்க் காட்டில் பறப்பதோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், புறாவை அடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று நீங்களே பார்க்கலாம். முருங்கையிலோ கொய்யாவிலோ பத்துப் பதினைந்து குச்சியை ஏனோதானோ என்று அடுக்கி வைத்தது போல ஒன்று தெரியும். அடியில் நின்று பார்த்தால் குச்சிகளின் இடுக்கில் வெள்ளையாக இரண்டு முட்டை தெரியும். அதுதான் தவிட்டுப்புறாவின் கூடு. இவ்வளவுதானா என்று தோன்றும். இவை வருடம் முழுக்கக் கூடு கட்டும், இன்ன மாதம் ஓய்வு என்று கிடையாது. குஞ்சு பொரிந்த முதல் நாட்களில் தாய், தகப்பன் இரண்டின் தொண்டைப் பையிலும் பால் போன்ற ஒன்று சுரக்கும். அதைத்தான் குஞ்சுகளுக்கு ஊட்டும். அதனால் எந்த மாதத்தில் ஒரு புறாவை அடித்தாலும் எங்கோ ஒரு கூட்டில் குஞ்சு பசியோடு கிடக்க வாய்ப்பு உண்டு.

சரி, இனி பறவைகளுக்கு வருவோம். உங்கள் தாத்தாவின் கையில் துப்பாக்கிக்கு முன்னால் வேறு ஒன்று இருந்திருக்கும். எந்தச் சத்தம் எந்தப் பறவை, அது எந்நேரம் இரைக்கு வரும், எங்கே தண்ணீர் குடிக்கும், எவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்தால் நம்மை மறந்துவிடும் என்ற அறிவு. வேட்டையில் முக்கால் பங்கு அதுதான். அந்த முக்கால் பங்கையும் நீங்கள் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

நாளைக் காலை ஐந்தரை மணிக்குக் கிணற்றடியில் ஒரு நாற்காலியைப் போட்டு இரண்டு பேரும் உட்காருங்கள். வேம்புக்கு முதுகு காட்டாதீர்கள். மங்கலான நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் வராது. அதற்குப் பயந்து எழுந்துவிடக் கூடாது. அப்புறம் ஒவ்வொன்றாக வரும்.

புதிதாகப் பார்ப்பவர்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் "கருப்பாக ஒன்று வந்தது" என்பதுதான். நம் தோட்டங்களில் கருப்பாகத் தெரியும் பறவைகள் குறைந்தது ஏழு உண்டு. இவற்றைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தாயிற்று. காகத்தில் இரண்டு. கழுத்தில் சாம்பல் பட்டை இருந்தால் வீட்டுக்காகம். உடம்பெல்லாம் கருப்பாக, அலகு தடித்து, குரலும் கனத்து இருந்தால் அண்டங்காக்கை. காக்கையைவிட மெலிந்து, வால் நீண்டு, கண் ரத்தச் சிவப்பாக, அலகு வெளிர் பச்சையாக இருந்தால் ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், அதைக் குயில் என்றே பலர் நம்ப மாட்டார்கள். நாம் ரசிக்கிற அந்தக் 'கூ... ஊ' ஆணின் குரல். பெண் 'கிக் கிக் கிக்' என்று படபடப்பாகக் கத்தும்.

மின்கம்பியில் உட்கார்ந்து, வால் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தால் கரிச்சான். இரட்டைவால் குருவி என்பதும் அதுதான். கம்பியிலிருந்து பாய்ந்து ஒரு பூச்சியைப் பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். தன்னைவிடப் பெரிய காகத்தையும் பருந்தையும் துரத்தும் தைரியசாலி. கருப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் வண்ணாத்திக்குருவி. விடிவதற்கு முன்னால் மொட்டைமாடி விளிம்பிலோ மரத்து உச்சியிலோ உட்கார்ந்து விதவிதமாகச் சீட்டியடிப்பது பெரும்பாலும் அதுதான். காக்கை அளவில், இறக்கை மட்டும் செம்பழுப்பாக, வேலியோரம் தரையில் நடந்து போனால் செம்போத்து. பறப்பதைவிட நடப்பதே அதற்குப் பிடிக்கும். 'ஊப் ஊப் ஊப்' என்று குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். இதன் கறி நோய்க்கு மருந்து என்று ஒரு நம்பிக்கை ஊர்களில் உண்டு. அதை நம்பி இதைக் கொல்வதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. வயலில் பூச்சி, நத்தை, பாம்பு என்று இரை தேடித் திரிகிற பறவை அது. ஏழாவது, ஆண் ஊதாத் தேன்சிட்டு. விரல் நீளம்தான் இருக்கும். நிழலில் கருப்பு, வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாகப் பளபளக்கும்.

கூச்சல் போட்டுக்கொண்டு கூட்டமாகத் தரையில் சருகைப் புரட்டுவது தவிட்டுக்குருவி. மண் நிறம், வெளுத்த கண். பெரும்பாலும் ஆறு முதல் பத்து வரை சேர்ந்தே திரியும். திடீரென்று எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் அங்கே பூனையோ பாம்போ கீரியோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை இப்படி ஒரு கூட்டத்துக்குப் பின்னால், அவற்றைவிடப் பெரிதாக, மார்பில் கோடுகளோடு ஒரு குஞ்சு கெஞ்சிக்கொண்டே தத்திப் போவதைப் பார்த்தேன். ஒரு தவிட்டுக்குருவி திரும்பி வந்து, அதன் வாய்க்குள் தலையையே விட்டு ஒரு பச்சைப் புழுவை ஊட்டிவிட்டுப் போனது. அது அக்காக்குயிலின் குஞ்சு. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது எல்லோருக்கும் தெரியும். அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் தவிட்டுக்குருவிக் கூட்டில் இடும். அன்றைக்கு நான் பிறகு பார்க்க நினைத்த எதையும் பார்க்கவில்லை, அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே போய்விட்டேன்.

கொண்டையும் வாலடியில் சிவப்பும் இருந்தால் சின்னான். கொண்டைக்குருவி என்றும் சொல்வார்கள். வெயில் ஏறினதும் தகரத்தை யாரோ தட்டுவது போல 'டொக் டொக் டொக்' என்று விடாமல் கேட்டால் செம்மார்புக் குக்குறுவான். தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துவதால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே பிடிபடாது. பட்டுப்போன உச்சிக் கிளையைத் தேடுங்கள், அங்கே இருக்கும். கிணற்றடியில் மீன்கொத்தியைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். வெண்மார்பு மீன்கொத்தி வெட்டுக்கிளி, ஓணான் என்று தரையிலும் வேட்டையாடும்.

தையல்சிட்டைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். செடிகளில் அகலமான இலை ஒன்று பொட்டலம் போல மடிந்திருந்தால் கிட்டே போகாமல் பைனாகுலரில் பாருங்கள். அலகால் இலை ஓரத்தில் துளை போட்டு, சிலந்தி இழையையும் பஞ்சையும் அதில் நுழைத்திருக்கும். நாம் தைப்பது போல ஒரே நூல் ஓடாது. ஒவ்வொரு துளையிலும் தனித்தனித் துண்டு, வெளியே வந்த நுனி பஞ்சு பஞ்சாகப் பிரிந்து கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

வயல் பக்கம் நடந்தால் ஒரு பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். ஆள்காட்டி. ஒளிந்து வருகிறவனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வந்த பெயர். உங்கள் தாத்தா இதன் மேல் எத்தனை தடவை கோபப்பட்டிருப்பார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது கத்துகிற இடத்தில் தரையில் முட்டையோ குஞ்சோ இருக்கலாம். கூழாங்கல்லில் கல்லாகக் கலந்திருக்கும், மிதித்துவிட்டால்கூடத் தெரியாது. அதனால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஏர் கன்னுக்குப் பதில் பையனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். அதன் மேல் 8×42 என்று போட்டிருப்பது நல்லது. எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, நாற்பத்திரண்டு என்பது முன் கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று ஆசை காட்டுவார்கள், வாங்காதீர்கள். கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும், பறவை ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது. பயன்படுத்துவதில் ஒரே ஒரு நுணுக்கம்: பறவையை வெறும் கண்ணால் பிடித்த பிறகு, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போயிருக்கும்.

கூடவே ஒரு நோட்டு. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகு எப்படி? வால் எப்படி? எங்கே உட்கார்ந்தது, என்ன செய்தது? நிறத்தைக் கடைசியாக எழுதச் சொல்லுங்கள், வெளிச்சம் நிறத்தில் நிறைய ஏமாற்றும். போனில் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். உதவிதான், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் உறுதி செய்த பிறகே நோட்டில் ஏற்றவேண்டும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டுக் கொல்லையிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததை, பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும், நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள்.

ஐப்பசி முதல் பங்குனி வரை ஒரு விருந்தாளிக்காகக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஆறுமணிக்குருவி. வடக்கிலிருந்து வரும். காலை, மாலை ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். சருகு கிடக்கும் நிழலான இடம் வேண்டும் அதற்கு. அதனால் வாழையடிச் சருகை முழுக்கக் கூட்டி எரித்துவிடாதீர்கள். தை முதல் பங்குனிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குப் பையனைக் கூட்டிப் போங்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள்.

கொல்லையில் ஒரு மண் தட்டில் தண்ணீர் வையுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு கல் போடுங்கள். தினமும் கழுவி மாற்றுங்கள். பூனை பதுங்க முடியாத திறந்த இடமாகப் பார்த்து வைக்கவேண்டும்.

பையன் என்றைக்காவது தரையில் கிடக்கும் குஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வருவான். இறகு முளைத்து, தத்தித் தத்தி நகர்கிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது. எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புதரில் வைத்துவிட்டுத் தள்ளி வந்துவிடுங்கள், தாய் வந்து ஊட்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தப்பான நம்பிக்கை. இறகே இல்லாத குஞ்சு என்றால், கூடு தெரிந்தால் மெதுவாகக் கூட்டிலேயே வையுங்கள். அடிபட்டிருந்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான இடத்தில் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.