திட்டு வாங்கினால் கால் கடைக்குத் திரும்புகிறது என்றவருக்கு

நண்பரே, மதுரை மாட்டுத்தாவணியில் முதலாளியிடம் திட்டு வாங்கிய அன்றைக்குத்தான் குடிக்கத் தோன்றுகிறது, மனது பலவீனமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. தினமும் குடிக்கிறவரின் மூளை பதற்றத்தையும் குவார்ட்டரையும் ஒரே முடிச்சில் கட்டி வைத்திருக்கும். குடித்ததும் படபடப்பு அடங்கும். போதை இறங்கும்போது கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறி, காலையில் முன்பைவிட அதிகமாகப் பதறும். அதை அடக்க மறுபடி ஒன்று. கந்துவட்டிக் கதைதான்.

அந்த ஆசை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணிந்துவிடும். வெறும் வயிற்றோடு மதுக்கடைத் தெருப் பக்கம் போகாதீர்கள். முதலில் நாலு இட்லி, அப்புறம் பஸ். (எனக்கு ஜிகர்தண்டா கைகொடுத்தது, சிரிக்காதீர்கள்.) ஆனால் தினக்குடியைத் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டிவிட்டு நிறுத்துங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், இலவசம்.