லீசா ஃபெர்னாண்டஸ் ஏன் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை? சாஃப்ட்பால் கேள்வி பதில்

யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணியின் லீசா ஃபெர்னாண்டஸ் பற்றியும், கல்லூரி சாஃப்ட்பால் (பேஸ்பாலின் உறவான ஆட்டம், பந்தைக் கீழிருந்து வீசுவார்கள்) பயிற்சியாளர் வேலை பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் என் துறைக்குள் வருவதை எடுத்துக்கொள்கிறேன். நான் கலிஃபோர்னியாவில் பெண் பிள்ளைகளுக்குப் பிட்சிங், அதாவது பந்துவீச்சு, சொல்லித்தருகிறவள். கல்லூரி அட்மிஷன் ஆலோசனை எனக்குத் தெரிந்த வேலை இல்லை.

கோவை வாசகர்: அக்கா, இவர் யார்? கூகுளில் தேடினால் புள்ளிவிவரமாகக் கொட்டுகிறது. சுருக்கமாகச் சொல்லுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வளர்ந்தவர். அப்பா கியூபாக்காரர், அம்மா போர்ட்டோ ரிக்கோ. 1990 முதல் 1993 வரை யூசிஎல்ஏ கல்லூரி அணியில் பிட்சர். நான்கு வருடத்தில் 93 வெற்றி, 7 தோல்வி. 1990-லும் 1992-லும் தேசியப் பட்டம். கடைசி வருடமான 1993-இல் அவர் செய்ததை இன்றைக்கும் நம்பச் சிரமமாக இருக்கும். பேட்டிங் சராசரி .510, அதாவது இரண்டு முறை மட்டையோடு வந்தால் ஒரு முறைக்கு மேல் ஹிட் (பந்தை அடித்துவிட்டு, பேஸ் எனும் தளத்துக்கு ஓடிச் சேர்வது). பிட்சிங்கில் ஏழு இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 0.25 ரன்தான் கொடுத்தார். இரண்டிலுமே அந்த வருடம் நாட்டில் முதலிடம். அப்புறம் 1996, 2000, 2004 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம். ஏதென்ஸில் மட்டையாலும் .545 அடித்தார். 2008 பெய்ஜிங் அணிக்கு மாற்று ஆட்டக்காரர். அவர் போட்ட 16-ஆம் எண்ணை யூசிஎல்ஏ இனி யாருக்கும் தராது.

அதற்குப் பிறகு அதே கல்லூரியில் பயிற்சியாளர். 2010, 2019 பட்டங்கள் வந்தபோது அந்தக் குழுவில் இருந்தார்.

டப்ளின், கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு அம்மா: துணைப் பயிற்சியாளர் என்றால் உண்மையில் என்ன வேலை? டிவியில் பார்த்தால் டக் அவுட்டில் (அணியினர் உட்காரும் இடம்) நின்று கை தட்டுவதுதான் தெரிகிறது.

எனக்குப் பிடித்த கேள்வி. கை தட்டுவது வேலையின் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

பிட்சர்களைப் பார்த்துக்கொள்ளும் துணைப் பயிற்சியாளருடைய இடம் புல்பென், பிட்சர்கள் வீசிப் பழகும் இடம். ஒரு பெண் ரைஸ் பால் (மேலே எழும்புவது போல வரும் பந்து) பழகுகிறாள் என்று வையுங்கள். பந்தைச் சுற்றி ஒரு கறுப்பு டேப் ஒட்டிக் கொடுப்பார்கள். சுழற்சி நேராக இருந்தால் அந்தக் கறுப்புப் பட்டை ஒரே கோடாகத் தெரியும். மணிக்கட்டு கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தால் பட்டை தள்ளாடும். அதைப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் தப்பா, முன்கை இடுப்பை உரசிப் போகும் நேரத்தில் தப்பா, இல்லை முன்கால் விழுந்த இடத்தில் தப்பா என்று சொல்ல வேண்டும். மூன்றும் வேறு வேறு நோய், வேறு வேறு மருந்து. தப்பான மருந்து கொடுத்தால் அந்தப் பெண் ஒரு சீசனையே தொலைப்பாள்.

ஆட்டத்தின்போது இன்னொரு வேலை. கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள்) மணிக்கட்டில் ஒரு அட்டை கட்டியிருப்பாள், கவனித்திருப்பீர்கள். டக் அவுட்டிலிருந்து ஒரு எண் வரும். அட்டையில் அந்த எண்ணுக்கு நேரே எந்தப் பந்து, எந்த இடம் என்று இருக்கும். எதிரணி எண்ணைக் கேட்டாலும் பயன் இல்லை, அட்டையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பல அணிகளில் அந்த எண்ணைச் சொல்பவர் துணைப் பயிற்சியாளர்தான். கடைசிக் கட்டத்தில் ஒரே அணியோடு அடுத்தடுத்த நாள் மோத வேண்டியிருக்கும். நேற்று ஏமாந்த பேட்டர் இன்று அதே பந்துக்குக் காத்திருப்பாள். எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்று ராத்திரி உட்கார்ந்து வீடியோ பார்ப்பதும் அவர்தான்.

பள்ளிப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை தனி. ஊர் ஊராகப் போய், வெயிலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1-க்கு முன் கல்லூரிகள் பெண்ணோடு நேரடியாகப் பேசக் கூடாது என்பது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி. அதனால் முதலில் பார்க்க மட்டும்தான் முடியும்.

மதுரை வாசகர்: மேடம், பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்சியாளர் ஆகவே மாட்டார்கள். கிரெக் சாப்பலைப் பார்த்தோமே! இவர் மட்டும் எப்படி?

2005-இலிருந்து 2007 வரை நடந்ததை யாரும் மறக்கவில்லை சார். ஆனால் ஒருவரை வைத்து எல்லோரையும் எடை போட முடியாது. "எனக்கு வந்தது உனக்கு ஏன் வரவில்லை" என்று கேட்கிறவர் பயிற்சியாளர் ஆகக் கூடாது, அது சரி. அந்தக் கேள்வி யாருக்கு வரும்? எல்லாம் தானாக வந்தவருக்கு.

லீசாவுக்குத் தானாக வரவில்லை. சின்ன வயதில் ஒரு பிட்சிங் பயிற்சியாளர், உன் உடல்வாகுக்குப் பெரிய அளவில் வர முடியாது என்று சொல்லி அனுப்பிய கதையை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவர் காலத்தில் வேகத்துக்குப் பெயர்போனவர் மிஷேல் கிரேஞ்சர். லீசாவின் பலம் பந்தின் அசைவு, பந்து போய்ச் சேரும் இடம், அப்புறம் அசராத பயிற்சி. ஒவ்வொன்றையும் துண்டு துண்டாகக் கட்டியவர். அப்படிக் கட்டியவரால்தான் பிரித்துக் காட்டவும் முடியும்.

டொராண்டோ வாசகர்: மதுரைக்காரருக்கு என் பதில்: ராகுல் டிராவிட், 2024 உலகக் கோப்பை. கேரி கிர்ஸ்டன், 2011. போதுமா?

போதும். கிரிக்கெட்டை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

மீண்டும் மதுரை வாசகர்: நிறுத்த வேண்டாம். டிராவிட் தோல்விகளைப் பார்த்தவர். உங்கள் லீசா 93–7. தோல்வியே தெரியாதவர் தோற்கும் பிள்ளைக்கு என்ன சொல்வார்?

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக், எதிரே ஆஸ்திரேலியா. லீசா முதல் 29 பேட்டர்களையும் வரிசையாக அவுட் ஆக்கினார். ஒருவர்கூட பேஸில் கால் வைக்கவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் அமெரிக்காவின் டேனி டைலர் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார், அதாவது ஹோம் ரன். கொண்டாட்டத்தில் ஹோம் பிளேட்டை (பேட்டர் நிற்கும் இடத்துத் தட்டு, சுற்றி வந்து அதை மிதித்தால்தான் ரன்) மிதிக்காமல் தாண்டிவிட்டார். நடுவர் அவுட் கொடுத்தார், ரன் போச்சு. அந்த ஒரு ரன் இருந்திருந்தால் ஏழு இன்னிங்ஸில் ஆட்டம் முடிந்திருக்கும், யாரையும் பேஸுக்கு விடாத 'முழுமையான ஆட்டமும்' லீசா பெயரில் பதிந்திருக்கும். ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனது. சமன் உடைக்கும் விதிப்படி ஒவ்வொரு அணிக்கும் இரண்டாவது பேஸில் ஒரு ஓட்டக்காரரை நிறுத்துவார்கள். அமெரிக்கா ஒரு ரன் எடுத்தது. ஆஸ்திரேலியாவுக்கு இரண்டு அவுட், லீசாவுக்கு இன்னும் ஒரே ஸ்ட்ரைக் (பேட்டர் தவறவிடும் நல்ல பந்து, மூன்று சேர்ந்தால் அவுட்) வேண்டும். ஜோஆன் பிரவுன் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். 2–1, தோல்வி.

2000 சிட்னியிலும் அதே ஆஸ்திரேலியா. லீசா 25 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், ஒலிம்பிக் சாதனை. பதின்மூன்றாவது இன்னிங்ஸில் பீட்டா எடபோன் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார். மறுபடி 2–1, மறுபடி தோல்வி.

இரண்டு தொடரிலும் அமெரிக்கா பிறகு தங்கம் வாங்கியது. சிட்னி இறுதி ஆட்டத்தை வீசி முடித்தவரும் லீசாதான். ஆக, ஒரே பந்தில் எல்லாம் போவது எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்கு அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிற்பது எப்படி என்பதும் தெரியும்.

இப்போது 2019 கல்லூரி இறுதிக்கு வாருங்கள். யூசிஎல்ஏ முன்னணியில். கடைசி இன்னிங்ஸில் ரேச்சல் கார்சியா வீசிய பந்தை ஓக்லஹோமாவின் ஷே நைட்டன் ஹோம் ரன் அடித்து 4–4 ஆக்கிவிட்டார். அந்த நிமிஷம் ஒரு பிட்சர் திரும்பிப் பார்க்கும் டக் அவுட்டில், அதே வேதனையை ஒலிம்பிக்கில் இரண்டு முறை பட்ட ஒருவர் நிற்கிறார். அந்த இன்னிங்ஸின் அடுத்த பாதியிலேயே கின்ஸ்லி வாஷிங்டன் அடித்த ஹிட்டில் யூசிஎல்ஏ 5–4 என்று ஜெயித்தது. கார்சியா பின்னர் டோக்கியோ ஒலிம்பிக் அணிக்கும் போனார்.

ஹூஸ்டன் வாசகர்: இவ்வளவு பெரிய ஆள் ஏன் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை? யாராவது தடுத்துவிட்டார்களா?

யூசிஎல்ஏவில் 2007 முதல் தலைமைப் பயிற்சியாளர் கெல்லி இனோயே-பெரெஸ். கல்லூரியில் லீசாவின் பந்தைப் பிடித்த கேட்சர் இவர்தான். பிட்சரும் கேட்சரும் அன்றைக்கு ஆரம்பித்த வேலையை இன்றைக்கும் சேர்ந்து செய்கிறார்கள். பிற்பாடு லீசாவுக்கு இணைத் தலைமைப் பயிற்சியாளர் என்ற பெயரும் வந்தது.

தலைமைப் பயிற்சியாளருடைய நாளில் பாதி நிதி திரட்டல், பத்திரிகையாளர், அலுவலகக் கூட்டம். பிட்சரோடு புல்பெனில் நிற்கும் நேரம் துணைப் பயிற்சியாளருக்குத்தான் கிடைக்கும். பிட்சிங்கை உயிராக நினைக்கிறவருக்கு எது பெரிய பதவி? நம் ஊரில் நல்ல ஆசிரியரைத் தலைமை ஆசிரியர் ஆக்கி, வகுப்பறையிலிருந்து வெளியே கொண்டுபோய் உட்கார வைப்போம். எனக்கு அது எப்போதுமே வருத்தம். துணைப் பயிற்சியாளர் வேலையை ஏணியில் ஒரு படி என்று மட்டும் பார்க்காதீர்கள்.

நியூ ஜெர்சி வாசகர்: அவர் ஏன் ஹெட் கோச் ஆகவில்லை?

மேலே பாருங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: சம்பளம் எவ்வளவு?

அரசுப் பல்கலைக்கழகம். சம்பளப் பட்டியல் பொதுவில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

சான் ஹோசே அப்பா: என் மகளுக்கு 12 வயது. கீழிருந்து சுற்றி வீசுவது இயற்கையான அசைவு, எவ்வளவு வீசினாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்களே. தினமும் வீசுகிறாள்.

தயவுசெய்து நிறுத்துங்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம் வருகிறது. இப்படிக் கையைச் சுற்றி வீசும் விண்ட்மில் வீச்சில் மேற்கையின் முன்பக்கத் தசைக்கு விழும் சுமை, பேஸ்பால் மாதிரி மேலிருந்து வீசுவதைவிட அதிகம் என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். தோளின் முன்பக்கம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு வீச்சு இல்லை. சொல்லாவிட்டாலும் வாரத்தில் ஓய்வு நாட்கள் கட்டாயம் வேண்டும்.

அதே அப்பா: ஆனால் கார்சியா ஒரே ஆட்டத்தில் 179 பந்து வீசினாரே?

வீசினார். 2019 அரையிறுதியில் வாஷிங்டனுக்கு எதிராகப் பத்து இன்னிங்ஸ், 16 ஸ்ட்ரைக் அவுட், கடைசியில் ஆட்டத்தை முடித்த மூன்று ரன் ஹோம் ரனும் அவரே. நான் பார்த்த மகத்தான ஆட்டங்களில் அது ஒன்று. ஆனால் அவர் வளர்ந்த பெண். பக்கத்திலேயே மருத்துவக் குழு, உடற்பயிற்சிக் குழு. உங்கள் மகள் வளர்கிற பிள்ளை. கல்லூரி ஆட்டத்தில் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை என்பதை ஒரு பெருமையாக நான் நினைக்கவில்லை.

சென்னை கல்லூரி மாணவி: அக்கா, சாஃப்ட்பால் பந்து மெதுவாகத்தானே வரும்? பேஸ்பால்தான் கஷ்டம் என்று அண்ணன் சொல்கிறான்.

அண்ணனிடம் கணக்குப் போடச் சொல்லம்மா. பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் கல்லூரி சாஃப்ட்பாலில் 43 அடி, பேஸ்பாலில் 60 அடி 6 அங்குலம். சாஃப்ட்பாலில் மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும் பந்து ஹோம் பிளேட்டை அடைய ஏறத்தாழ 0.45 வினாடி. பேஸ்பாலில் அதே நேரத்தில் வந்து சேர 92 மைல் வேகம் வேண்டும்.

ஃப்ரீமான்ட் அம்மா: மகளுக்கு 10 வயது. ரைஸ் பால் எப்போது ஆரம்பிக்கலாம்? யூடியூபில் பார்த்து முயற்சி செய்கிறாள்.

இப்போது வேண்டாம். நேர்ப்பந்தை நினைத்த இடத்தில் போடட்டும், அப்புறம் சேஞ்ச்-அப் (அதே கையசைவில் மெதுவாக வரும் பந்து). ரைஸ் பால் அதற்கெல்லாம் பிறகு. வேறு வேறு பந்து என்று அவசரப்பட்டால் மணிக்கட்டும் தோளும்தான் விலை கொடுக்கும். மேலே சான் ஹோசே அப்பாவுக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

ஆஸ்டின் வாசகர்: லீசா மாதிரி வேறு நட்சத்திரங்கள் துணைப் பயிற்சியாளராக இருந்திருக்கிறார்களா?

உங்கள் ஊர் கேட் ஆஸ்டர்மன். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் இடதுகைப் பிட்சர், 2004-இல் தங்கம், 2008-இல் வெள்ளி. டெக்சஸ் ஸ்டேட் கல்லூரியில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். மறுபடி ஆட வேண்டும் என்று 2020-இல் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, டோக்கியோவில் வெள்ளி வாங்கினார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பென்சில்வேனியா வாசகர்: சம்பளம் இல்லாமல் வேலை செய்யும் பயிற்சியாளர்கள் இருந்தார்களாமே?

இருந்தார்கள். ஒரு தலைமைப் பயிற்சியாளர், சம்பளத்தோடு இரண்டு துணை, தன்னார்வலர் என்ற பெயரில் இன்னொருவர் என்பதுதான் ஏற்பாடு. அந்த இன்னொருவருக்கும் மற்றவர்கள் அளவுக்கே உழைப்பு. 2023 ஜூலையிலிருந்து என்சிஏஏ அந்தப் பிரிவை எடுத்துவிட்டது, மூன்று துணைப் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுக்கலாம். ரொம்பத் தாமதமாக வந்த நியாயம்.

மில்பிடாஸ் அப்பா: சாஃப்ட்பால் ஸ்காலர்ஷிப்புக்கு எந்தக் கல்லூரி நல்லது?

பள்ளியின் கவுன்சிலரைக் கேளுங்கள்.

இர்வைன் வாசகி: யூசிஎல்ஏ ஆட்டத்தை நேரில் பார்க்க எப்போது வரலாம்?

சீசன் பிப்ரவரியில் தொடங்கும். ஈஸ்டன் ஸ்டேடியம் சின்ன மைதானம், எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் பக்கத்தில் தெரியும். முதல் பந்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய்விடுங்கள், பிட்சர்கள் வார்ம்-அப் செய்வதைப் பார்க்கலாம். மகளைக் கூட்டிக்கொண்டு போனால், பந்தைப் பார்க்காமல் பிட்சரின் முன்கால் எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.