மார்கழியில திமிங்கலம் பாக்கப் போறியளோ? வாசகர் கேள்வியளும் பதிலும்

கேள்வி: எங்கட சனசமூக நிலையத்தில இருந்து குடும்பங்களா சேந்து 22 பேர், மார்கழி லீவுக்கு ஒரு பஸ் பிடிச்சு திருகோணமலைக்குப் போய் திமிங்கலம் பாக்கலாம் எண்டு இருக்கிறம். அதுதான் எங்களுக்குக் கிட்ட, செலவும் குறைவு எண்டு கன பேர் சொல்லினம். சரி வருமோ? (கோண்டாவில் வாசகர்)

பதில்: தம்பி, பஸ்ஸுக்கு அட்வான்ஸ் குடுக்க முதல் கேட்டது நல்லதாப் போச்சு. திருகோணமலையில திமிங்கலம் இருக்கிறது உண்மைதான், அந்தத் துறைமுகத்துக்கு வெளியில கடலுக்கு அடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு கிடக்கு, கரைக்குக் கிட்டவே ஆழம், அதால கோணேசர் கோயில் மலையில நிண்டே திமிங்கலம் மூச்சு விடுறதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். ஆனா அதெல்லாம் வைகாசியில இருந்து ஆவணி மட்டும் பாக்கிற விசயம். மார்கழியில வாடை அடிக்கும். பருத்தித்துறைப் பக்கம் அந்த நாளையில வள்ளங்களைக் கரையில இழுத்து ஏத்தி வைச்சிருக்கிறதைப் பாத்திருப்பியள் தானே, அதே காத்துத்தான் திருகோணமலையிலயும், கடல் எழும்பி நிக்கும், போட் விடமாட்டினம், விட்டாலும் பிள்ளையளோட ஏறாதேங்கோ.

மார்கழிக்கு எண்டால் தெற்குத்தான். மாத்தறைப் பக்கம் மிரிஸ்ஸ. கார்த்திகையில இருந்து சித்திரை மட்டும் அங்க கடல் அமைதி. தேவேந்திரமுனைக்கு நேர கொஞ்சத் தூரம் போனாலே கடலடி சடார் எண்டு ஆழமாப் போயிடும், அந்த ஆழத்தில இருந்து மேல வாற சத்தால சின்ன இறால் சாதியள் பெருகும், அதைத் தின்னத்தான் நீலத் திமிங்கலம் அங்க நிக்குது. மற்றக் கடல்களில இருக்கிற நீலத் திமிங்கலங்கள் தின்ன ஒரு இடம், குட்டி போட இன்னொரு இடம் எண்டு ஆயிரக்கணக்கான மைல் நீந்தும், ஆனா எங்கட கடல்ல நிக்கிற கூட்டம் குளிர்க் கடலுக்குப் போறதில்லை, வருசம் முழுக்க இந்த வெப்பக் கடலுக்கையேதான். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில ஆஷா டி வோஸ் எண்ட எங்கட நாட்டு ஆராய்ச்சியாளருக்குப் பெரிய பங்கு, 2003 இல கடல்ல மிதந்த திமிங்கலத்தின்ர சிவந்த கழிவைக் கண்டுதான் அவ யோசிக்கத் தொடங்கினவ, ஏனெண்டால் கழிவு இருந்தா அங்க சாப்பாடும் இருக்கவேணும்.

தூரம்தான் கரைச்சல். கொழும்புக்கு 400 கிலோமீற்றர், அங்கால கிட்டத்தட்ட 150. ஒரே மூச்சில ஓடாமல் கொழும்பில ஒரு இரவு நிண்டு, அடுத்த நாள் பின்னேரம் மிரிஸ்ஸக்குப் போய்ப் படுத்தெழும்பி, விடிய ஆறு ஆறரைக்கு போட் ஏறுங்கோ. இரவு முழுக்க பஸ்ஸில குந்தியிருந்து வந்து அப்பிடியே போட்டில ஏறினா அரைவாசிப் பேருக்கு சத்திதான். அவ்வளவு தூரம் ஏலாது எண்டால் புத்தளத்துக்கால கற்பிட்டிக்குத் திரும்புங்கோ, அங்கயும் இந்தக் காலத்தில கடல் நல்லம், நூற்றுக்கணக்கில டொல்பின் துள்ளும், சின்னப் பிள்ளையளுக்கு அது காணும். தலை பெட்டி மாதிரி இருக்கிற ஸ்பேர்ம் வேல் எண்ட சாதியும் அங்க வாறது, ஆனா அதுக்கு மாசி, பங்குனிதான் நல்ல காலம்.

இன்னொண்டு. தெற்குக்குப் போனா தேவேந்திரமுனையையும் பாத்திட்டு வாங்கோ. 49 மீற்றர் உயரத்தில வெளிச்சவீடு நிக்குது, இலங்கையிலயே உயரமானது அதுதான். 1588 இல போர்த்துக்கேயர் இடிச்ச பெரிய கோயில் இருந்த இடமும் அதுதான், எங்கட ஆக்கள் பஞ்ச ஈச்சரங்களில ஒண்டாச் சொல்லுற தொண்டேச்சரம். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டில சீனம், பாரசீகத்தோட தமிழிலயும் எழுதி, அந்தத் தமிழ்ப் பகுதியில அங்கத்தைய தெய்வமான தெனாவரை நாயனாருக்குக் குடுத்த காணிக்கையளைச் சொல்லியிருக்கு. அந்தக் கல்லு இப்ப கொழும்பு மியூசியத்தில, போற வழியில பிள்ளையளுக்குக் காட்டலாம்.

கேள்வி: இவ்வளவு தூரம் போகவேணுமோ, ஏன் எங்கட யாழ்ப்பாணக் கடலுக்கு திமிங்கலம் வாறதில்லை? (எட்டாம் வகுப்பு மாணவி, சுன்னாகம்)

பதில்: எங்கட கடல் ஆழமில்லை பிள்ளை. பாக்கு விரிகுடாவில கன இடத்தில 15 மீற்றர் கூட இல்லை. நீலத் திமிங்கலத்தின்ர நீளம் 20 மீற்றருக்கு மேல, அது இரை தேடி 100 மீற்றருக்கும் கீழ போறது. நிமிந்து நிண்டா வால் சேத்தில முட்டுற கடலுக்கை அது என்ன செய்யும்? எங்கட ஆழமில்லாத கடலுக்கு ஏத்தது கடற்பசு, கடல் புல்லு மேயுறது, மன்னார்ப் பக்கம் இண்டைக்கும் இருக்கு, ஆனா வலையில மாட்டிச் செத்துச் செத்து நல்லாக் குறைஞ்சு போச்சு.

கேள்வி: திமிங்கலத்தைத் துரத்தித் துரத்திக் காட்டினம் எண்டு கேள்விப்பட்டன். போறது பாவம் இல்லையோ? அம்மாவுக்கு 70 வயசு, அவவையும் கூட்டிக்கொண்டு போகலாமோ? (நல்லூர் வாசகி)

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. நான் ரெண்டு தரம் போனனான். முதல் தரம் மலிவு எண்டு ஏறின போட் காரன் ஒரு திமிங்கலத்தைக் கண்ட உடன எஞ்சினை முறுக்கி நேர ஓடினான், மற்றப் போட்டுகளும் நாலு பக்கத்தாலயும் வந்து சுத்தி நிக்க, அது ஒரே ஒரு மூச்சு விட்டிட்டு உடன அமிழ்ந்து போச்சு. போட்டில இருந்த எல்லாரும் கைதட்டினவை, எனக்கு அழுகை வந்திட்டுது, ஒரு சீவன் மூச்சு விட மேல வர அதையும் விடேல்லையே எண்டு.

ரெண்டாம் தரம் நல்லா விசாரிச்சுப் போனம். அந்த ஓட்டி தூரத்திலயே எஞ்சினை அடக்கிப்போட்டு "பொறுங்கோ, அது தானா வரும்" எண்டார். முதல்ல புகை மாதிரி ஒண்டு எழும்பி நிண்டு கரைஞ்சுது. பிறகு தண்ணிக்குக் கீழ வெளிர் நீலமா ஒரு நிறம் பரவிச்சுது, லொறி பிரேக்கில காத்து விடுற மாதிரி புஸ் எண்டு ஒரு மூச்சு, அதுக்குப் பிறகு முதுகு வருது, வருது, வந்துகொண்டே இருக்குது, முடியிற இடத்தில சின்னதா ஒரு செட்டை. கடைசியா வாலைத் தூக்கி அமிழ்ந்த இடத்தில தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரி வட்டமா வழுவழு எண்டு கிடந்தது, அலையே இல்லை. என்ர மகள் கன நேரம் ஒண்டுமே கதைக்கேல்லை.

அதால பாவம் போறதில இல்லை, எப்பிடிப் போறம் எண்டதிலதான். காசு கட்ட முதல் ஓட்டியிட்ட நேர கேளுங்கோ: வனசீவராசிகள் திணைக்களத்தின்ர லைசென்ஸ் இருக்கோ, 100 மீற்றர் தள்ளி நிப்பியளோ, முன்னால குறுக்க போகமாட்டியள் தானே எண்டு. போட்டில ஏறினாப் பிறகு "அண்ணை, கிட்டப் போங்கோ" எண்டு கத்துறதும் எங்கட ஆக்கள்தான், போற எல்லாரும் முதலே பேசி வைச்சு வாயை மூடிக்கொண்டு இருந்தாலே அரைவாசிப் பிரச்சினை தீந்துது. மிரிஸ்ஸப் பக்கக் கடலால உலகத்திலயே நெரிசலான கப்பல் பாதை ஒண்டும் போகுது, பெரிய கப்பல் மோதி திமிங்கலம் சாகிறது அங்க நடக்கிற விசயம், 2022 இல எம்.எஸ்.சி எண்ட பெரிய கொண்டெய்னர் கொம்பனி தன்ர கப்பலுகளை 15 கடல் மைல் அளவு தெற்கால தள்ளி விடத் தொடங்கினது. அவ்வளவு பெரிய கப்பலே விலகிப் போகேக்க எங்கட சின்னப் போட் விலகி நிக்க ஏலாதோ?

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம், முழங்கால் நோவு இல்லையெண்டால். மேல் தட்டுக்கு ஏறவேண்டாம், ஆட்டம் அங்கதான் கூட. கீழ, பின் பக்கமா இருத்தி, கிட்டவா இருக்கிற தண்ணியைப் பாக்காமல் தூரத்துக் கடல் கோட்டைப் பாக்கச் சொல்லுங்கோ. வெறும் வயித்தோட ஏத்தாதேங்கோ, ரெண்டு விசுக்கோத்தும் இஞ்சி போட்ட பிளேன்ரீயும் காணும், எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம். சத்திக் குளிசையை போட் ஏறுறதுக்கு அரை மணித்தியாலம் முதலாவது குடுக்கவேணும், சத்தி தொடங்கின பிறகு குடுத்து வேலையில்லை, பிரஷருக்கு வேற மருந்து எடுக்கிறவ எண்டால் டொக்டரிட்ட கேட்டிட்டுக் குடுங்கோ. லைஃப் ஜக்கெற்றை கரையிலயே போட்டு வார் சரியா இறுகுதோ எண்டு பாருங்கோ, இறுகாட்டி அது கழுத்துக்கு மேல ஏறி நிக்கும். வெயிலுக்குத் தொப்பியும், சத்திக்கு ஒரு சொப்பிங் பையும் கையில இருக்கட்டும், பையைக் கடலுக்கை விட்டிடாதேங்கோ.