ஹட்டனிலிருந்து எல்ல வரை: எந்தப் பர்கர் நல்லது, எது வெறும் பெயர்?

கேள்வி: மலையகத்தில் நல்ல பர்கரும் ஹொட்டோக்கும் எங்கே கிடைக்கும்? எல்லோரும் புகழ்கிற அளவுக்கு இல்லாத கடைகள் எவை?

நேரே பதிலுக்கு வருகிறேன். பர்கர் என்றால் ஹட்டன் டவுனில் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிற நானாவின் கொத்துக் கடை. ஹொட்டோக் என்றால் பண்டாரவளையில் ஒரு அக்கா நடத்துகிற சின்னக் கடை. வீண் புகழ் என்றால் எல்லவில் வெள்ளைக்காரர்களுக்காகத் திறந்து வைத்திருக்கிற கடைகளில் பாதி, அப்புறம் நுவரெலியாவில் வாவிப் பக்கம் ஒன்று. பிடிக்காத கடைகளின் பெயரை இங்கே போடப் போவதில்லை, அவர்களும் பிழைக்கட்டும். நானா கடைக்கோ பெயரே கிடையாது, பலகையில் சோடா கம்பெனியின் பெயர்தான் பெரிதாக இருக்கும்.

நான் 12 வருஷமாக பிஸ்கட் கம்பெனி ஒன்றில் சேல்ஸ் ரெப். வாரத்தில் 5 நாள் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை என்று லொறியோடு சுற்றுகிறவன், மாதம் ஒரு தடவை கண்டி. பகலுக்குச் சோறு சாப்பிட்டுவிடுவோம். இரவில் ரூமுக்குத் திரும்பும் முன் எங்காவது கடையில் நிற்போம், அப்படி நின்று நின்று சாப்பிட்டதில் வந்த கருத்துதான் இது. எங்கள் லொறி டிரைவர் அண்ணனுக்கு இதில் பாதி உடன்பாடில்லை, அவர் பக்கத்தையும் சொல்கிறேன்.

முதலில் நானா கடை. அங்கே பர்கருக்கென்று தனி அடுப்பு இல்லை. கொத்துப் போடுகிற அதே இரும்புக் கல்தான். மாலை 5 மணியிலிருந்து அந்தக் கல் சூட்டிலேயே இருக்கும், 8 மணிக்கு அதன் நடுப்பகுதி கண்ணாடி மாதிரி மினுங்கும். நானா கோழித் தொடை இறைச்சியைத் தோலோடு சேர்த்துக் கையாலேயே பொடியாக வெட்டி, வெங்காயம், பச்சை மிளகாய், நிறைய மிளகு போட்டுப் பிசைந்து ஒரு சட்டியில் வைத்திருப்பார். ஓடர் சொன்னால் அதில் ஒரு உருண்டையை எடுத்துக் கல்லில் வைத்து, கொத்துத் தகட்டை அதன்மேல் படுக்கப் போட்டு இரண்டு கையாலும் ஒரே அமுக்கு. உருண்டை சப்பென்று பரவும், ஓரமெல்லாம் கிழிந்து சரிகை மாதிரி ஆகிவிடும். அந்த ஓரம்தான் விஷயம். இரண்டு நிமிஷத்தில் அது கருஞ்சிவப்பாக முறுகி, தகட்டால் சுரண்டித் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வரும். பணிஸை இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கத்தை அதே கொழுப்பில் கவிழ்த்து வைப்பார். பக்கத்தில் ஒரு முட்டை. கோவா, கரட் எல்லாம் நம்ம நுவரெலியாச் சாமான்தான், மெல்லியதாக அரிந்து உப்புப் போட்டுப் பிழிந்து வைத்திருப்பார், அதனால் தண்ணீர் விட்டுப் பணிஸ் ஊறாது. லன்ச் சீட்டில் சுற்றிக் கையில் தருவார். உட்கார்ந்து சாப்பிட இரண்டே பெஞ்சு, அதிகம் பேர் நின்றுதான் சாப்பிடுவார்கள்.

ஏன் இது நல்லது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இறைச்சி முறுகும்போது வருகிற அந்த வாசமும் நிறமும் சூட்டில் புரதமும் சீனியும் சேர்ந்து மாறுவதால் வருவது. 1912இல் மெயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை எழுதி வைத்தார், இன்றைக்கும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். இது வேகமாக நடக்க இறைச்சியின் மேற்பரப்பு 140 பாகை செல்சியஸுக்கு மேலே சூடாக வேண்டும், மேலே ஈரம் இருக்கும்வரை அந்தச் சூடு ஏறாது. ஃப்ரீசரில் இருந்து எடுத்த பேட்டியை, அதாவது பர்கருக்குள் வைக்கிற தட்டையான இறைச்சி வட்டத்தை, மெல்லிய தாச்சியில் போட்டால் என்ன ஆகும்? தாச்சி ஆறிவிடும், பேட்டி தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே அவியும். சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி வரும். அரை அங்குல இரும்புக் கல் அப்படி ஆறாது. கொத்துக் கடைக்காரர்கள் கையில் இருக்கிற இந்தக் கல்லின் மதிப்பு மற்ற பர்கர் கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பணிஸையும் சொல்லணும். 2022இல் காஸ் இல்லாமல், மா இல்லாமல் பேக்கரிகள் பூட்டின நேரம் நானாவும் ஒரு மாதத்துக்கு மேல் பர்கரை நிறுத்திவிட்டார். கொத்து மட்டும் விறகில் போட்டார். முந்தின நாள் பணிஸில் போட்டுக் கொடுங்கள் நானா என்று நானே கேட்டேன். "அது பாவம் தம்பி, காசு வாங்க மனசு வராது" என்றார். இப்போதும் பின்னேரம் 4 மணிக்கு ஒரு பேக்கரியிலிருந்து 40 பணிஸ் வரும், அது முடிந்தால் அன்றைக்குப் பர்கர் இல்லை.

இனி எல்ல. தெமோதரையில் இருக்கிற ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிற சனம் முழுக்க எல்ல டவுனில்தான் சாப்பிடுகிறது, அதனால் அங்கே ஒரு தெருவுக்குள்ளேயே இத்தனை பர்கர் கடை. இடம் அழகுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பர்கர் வரும்போது பாருங்கள், ஒரு சாண் உயரம், நடுவில் குச்சி குத்தி, பக்கத்தில் கம்பிக் கூடையில் சிப்ஸ். அந்த உயரத்தை எந்த வாயால் கடிப்பது? குச்சியை எடுத்தவுடன் சரிந்து விழும், பிறகு கத்தி முள்ளுக்கரண்டியால் வெட்டித் தனித்தனியாகச் சாப்பிட வேண்டியதுதான், அப்போது அது பர்கரே இல்லை. நான் எல்லவில் 5 கடைகளில் சாப்பிட்டிருக்கிறேன், 3 கடைகளில் பேட்டி ஃப்ரீசரிலிருந்து வந்தது கடித்தவுடனே தெரிந்தது. மற்ற இரண்டும் சுமார், அதில் ஒன்றில் சோஸை அவர்களே செய்கிறார்கள், அது நன்றாக இருந்தது. ஆனால் ஒன்றுக்கும் 2,000 ரூபாவுக்குக் குறைந்து வெளியே வர முடியவில்லை. நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மலைக்கு.

நுவரெலியாக் கதை எனக்கு இன்னும் ஆறவில்லை. 2025 சித்திரை சீசனில் அம்மா, தங்கச்சி, அவள் பிள்ளைகள் இரண்டு பேர் எல்லோரையும் கிரகரி வாவிக்குக் கூட்டிப் போனேன். அம்மா டிக்கோயாப் பக்கம் தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுக்கிறார். பிள்ளைகள் பர்கர் கேட்டார்கள், எல்லோரும் புகழ்ந்த ஒரு கடைக்குள் போனோம். ஒரு பர்கர் 2,600, அதற்குமேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம். மூத்தவன் பாதி சாப்பிட்ட பிறகுதான் பார்த்தேன், உள்ளே கோழி பச்சையாக இளஞ்சிவப்பில் இருந்தது. அரைத்த கோழி நடுவரைக்கும் 74 பாகை வரை வேக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை, ஏனென்றால் அரைக்கும்போது வெளியே இருக்கிற கிருமி எல்லாம் உள்ளே போய்விடும். சொன்னதும் தட்டை எடுத்துப் போய் மைக்ரோவேவில் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அம்மா பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அப்போது தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு பர்கருக்கு அம்மா இரண்டு நாளுக்கு மேல் மலையேறணும். விலை கூடிய கடை இருக்கக்கூடாது என்று சொல்லவில்லை, அந்த விலை வாங்கினால் கோழியை வேகவைத்தாவது கொடுக்கட்டும்.

பர்கரும் ஹொட்டோக்கும் பிறந்தபோது யாருடைய சாப்பாடு என்று யோசித்தால் இது இன்னும் உறைக்கும். அமெரிக்காவில் வைட் காசில் என்ற பர்கர்க் கடை 1921இல் விச்சிட்டா நகரத்தில் தொடங்கியபோது பர்கர் ஒன்று 5 சதம். 1916இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் நேதன்ஸ் கடை ஹொட்டோக்கை 5 சதத்துக்கு விற்றுத்தான் பெயர் எடுத்தது, பக்கத்துப் பெரிய கடையில் அப்போது 10 சதம். வேலை முடிந்து வருகிறவன் நின்றபடி கையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போக உண்டான சாப்பாடு அது. கடைசி பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் நானா கடையில் சாப்பிடுகிற மாதிரி.

மாட்டிறைச்சி இல்லாமல் என்ன பர்கர் என்று கேட்கிறவர்கள் உண்டு. நம்மில் பலர் மாடு சாப்பிடுவதில்லை, ஹட்டனில் எல்லோரும் வந்து போகிற கடையில் கோழிதான் ஓடும், அதில் குறை ஒன்றும் இல்லை. பிழை நெஞ்சுக் கறியை அரைப்பதில்தான். மாட்டில் 100க்கு 20 பங்கு கொழுப்பு இருக்கணும் என்று பர்கர்காரர்கள் கணக்கு வைத்திருப்பது சாறுக்காக. நெஞ்சுக் கறியில் அந்தக் கொழுப்பு இல்லை, வாயில் மரத்தூள் மாதிரி இருக்கும். தொடையும் தோலும் போட்டால் போதும்.

கண்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கேஎஃப்சி மாதிரிக் கம்பெனிக் கடைகள் இருக்கின்றன, எங்கே சாப்பிட்டாலும் ஒரே ருசி, அதை நம்பிப் போகலாம். டிரைவர் அண்ணன் அதற்குத்தான் வாக்குப் போடுவார். "தம்பி, நானா கடையில் ஒருநாள் பணிஸ் இல்லை, ஒருநாள் நானாவே இல்லை, இங்கே அந்தப் பிரச்சினை கிடையாது" என்பது அவர் வாதம். நியாயமான பேச்சுதான், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். பேராதனைப் பக்கம் கெம்பஸ் பிள்ளைகளை நம்பி நடக்கிற சின்னக் கடைகள் மலிவு, வயிறு நிறையும். ஆனால் ஊபர் ஈட்ஸிலோ பிக்மீயிலோ மட்டும் பர்கர் எடுக்காதீர்கள். பெட்டிக்குள் ஆவி அடைத்து 20 நிமிஷத்தில் முறுகல் எல்லாம் போய்விடும்.

சரி, ஹொட்டோக். இங்கே சண்டை பெரிது. சீசன் நேரம் நுவரெலியாவில் தள்ளுவண்டியில் விற்பதெல்லாம் ஒரே மாதிரி, சொசேஜைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, நீளப் பணிஸுக்குள் வைத்து, மேலே தக்காளி சோஸும் மயோனீஸும் கோடு கோடாக. நமக்குக் கிடைக்கிற சொசேஜ் அநேகமாகத் தோல் இல்லாதது. குடல் தோலில் அடைத்தது என்றால் கடிக்கும்போது டக்கென்று வெடிக்கும், ஹொட்டோக்கின் சுகமே அதில்தான். தோலில்லாததைத் தண்ணீரில் அவித்தால் மெத்தையைக் கடிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், இரவில் குளிர் அடிக்கிறது, நான்கு வாய்க்குள் எல்லாம் ஆறி எண்ணெய் உறைந்துவிடும்.

பண்டாரவளை அக்கா இதை எப்படிச் சரி செய்கிறார் என்று பாருங்கள். சொசேஜில் கத்தியால் சரிவாக 6, 7 கீறல் போடுவார், கல்லில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் உருட்டி உருட்டிப் பொரிப்பார். கீறல் எல்லாம் பூ மாதிரி விரிந்து, ஓரங்கள் முறுகும். தோல் கொடுக்க வேண்டியதை அந்த ஓரங்கள் கொடுக்கின்றன. மேலே சோஸ் கிடையாது, சீனிச் சம்பல். மாசி போட்டு, கறுவாப்பட்டை வாசத்தோடு, நல்ல கருஞ்சிவப்பாக வதக்கினது. இனிப்பு, உறைப்பு, புளிப்பு மூன்றும் அதிலேயே இருக்கிறது, சொசேஜின் உப்புக்கு இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. முதல் தடவை சாப்பிட்டபோது அக்காவிடம் இது யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "யாரும் இல்ல தம்பி, சோஸ் விலை ஏறிச்சு, வீட்ல சம்பல் இருந்திச்சு" என்றார். நான் பார்த்தவரை அவர் கடையில் வேறு ஊர்க்காரர் யாரும் இல்லை, எல்லோரும் டவுன் ஆட்கள்தான்.

டிரைவர் அண்ணன் இங்கே வேறு ஒன்றைச் சொல்வார். தலவாக்கலையில் ஒரு பேக்கரியில் பின்னேரம் 3 மணிக்கு இறக்குகிற சொசேஜ் பணிஸ்தான் மலையகத்தின் உண்மையான ஹொட்டோக் என்பார். மாவுக்குள் சொசேஜை வைத்துச் சுட்டெடுப்பதால் கொழுப்பு பணிஸுக்குள் இறங்கி நிற்கும், சூட்டோடு பிளேன்டீயும் சேர்ந்தால் அவர் சொல்வதை மறுப்பது கஷ்டம். இருந்தாலும் சுட்ட பணிஸ் வேறு வகை, அதை ஹொட்டோக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதில் நான் மாறவில்லை. வெலிமடை ஏற்றத்தில் இரண்டு தடவை இதற்காகவே சத்தமாக வாதாடியிருக்கிறோம்.

போகிறவர்களுக்கு: நானா கடையில் இரவு 7.30க்குப் பிறகு போங்கள், அதற்கு முன் கல் பதமாகச் சூடாகி இருக்காது. 9 தாண்டினால் பணிஸ் முடிந்துவிடும். முட்டை வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லுங்கள். பார்சல் கேட்டால் நானா கட்டித் தருவார், ஆனால் அங்கேயே நின்று சாப்பிடுங்கள். பண்டாரவளை அக்கா ஞாயிறு திறப்பதில்லை, சம்பல் கூட வேண்டுமென்றால் கேளுங்கள், அதற்குத் தனிக் காசு எடுக்கமாட்டார். பதுளைப் பக்கம் நல்ல கடை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அடுத்த மாதம் எங்கள் லொறி அங்கேயும் போகிறது.