சுவரில் பீய்ச்சும் பூனைக்கு ஃபெரோமோன் கருவி வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு ஒன்றரை வயது. இரண்டு மாதமாகக் கதவோரத்திலும் சோபாவின் பின்புறத்திலும் நின்றபடியே சிறுநீர் பீய்ச்சுகிறது. மணல் தட்டையும் வழக்கம்போல் பயன்படுத்துகிறது. ஃபெரோமோன், அதாவது விலங்குகள் தம் இனத்துக்குச் செய்தி சொல்லும் வாசனைப் பொருள், அதை அறையில் பரப்பும் கருவியைப் பிளக்கில் செருகினால் எல்லாம் நின்றுவிடும் என்கிறார் பூனையை விற்றவர், அவரிடமே கிடைக்குமாம். பாண்டா தலைகீழாக நின்று மரத்தில் சிறுநீர் கழிப்பதை வீடியோவில் பார்த்தேன். இரண்டும் ஒன்றா? கருவியை வாங்கலாமா?

பதில்: இரண்டும் ஒரே வகைதான். கருவியை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

பாண்டா தனித்து வாழும் விலங்கு. பெண் பாண்டா ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஓரிரு நாட்கள் மட்டுமே கருத்தரிக்கும் நிலையில் இருக்கும். அந்த நேரத்தைத் தவறவிடாமல் ஆணுக்குத் தெரிவிப்பது வாசனைதான். வால் அடியில் உள்ள சுரப்பியின் கசிவையும் சிறுநீரையும் மரத்தில் பூசி வைத்தால், அடுத்து வரும் பாண்டா முகர்ந்தே பாலினம், வயது, இணைசேரும் பக்குவம் எல்லாவற்றையும் அறிந்துகொள்கிறது. ஆண் தலைகீழாக நிற்பது வாசனைத் தடத்தை உயரத்தில் பதிப்பதற்கு. உயரத் தடத்தைக் கண்டால் இளம் ஆண்கள் ஒதுங்கிப் போகின்றன.

உங்கள் பூனையும் பழிவாங்கவில்லை, அடம்பிடிக்கவில்லை. தான் இங்கே இருப்பதை எழுதி வைக்கிறது. ஆண் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற பொருள் அதிகம். அது சிதையச் சிதையக் கந்தக நெடி கிளம்புகிறது. ஃபெலினினைக் கூட்டுவதும் பீய்ச்சத் தூண்டுவதும் விரையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்.

உங்கள் கேள்வியில் விரையை அகற்றும் கருத்தடை அறுவை சிகிச்சை பற்றி ஒரு வரிகூட இல்லை. விற்றவரும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. எப்படிச் சொல்வார்? அறுவை சிகிச்சையில் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. கருவியை விற்றால் மாதாமாதம் மாற்றுப் புட்டியும் விற்கலாம். கருத்தடை செய்த ஆண் பூனைகளில் பத்தில் ஒன்பது இந்தப் பழக்கத்தை விட்டுவிடுகின்றன. சில உடனே, சில பல வாரங்கள் கழித்து.

அந்தக் கருவியில் இருப்பது, பூனை கன்னத்தைத் தேய்க்கும்போது விட்டுச்செல்லும் பொருளின் செயற்கை நகல். கருத்தடைக்குப் பிறகும் பழக்கம் நீடித்தால் துணையாக வைத்துப் பார்க்கலாம். ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரியாக இல்லை. மாத்திரை என்றால் ஆதாரம் கேட்கும் சட்டம், பிளக்கில் செருகும் பொருள் என்றால் பல நாடுகளில் கண்டுகொள்வதே இல்லை. விலங்கின் நடத்தைக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில் ஒதுக்கும் நேரமும் சொற்பம். இடைவெளியில் விற்பனையாளர் மருத்துவராகிவிடுகிறார். 'இயற்கை ஃபெரோமோன்' என்று மூலிகை எண்ணெயை விற்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. தேயிலை மர எண்ணெய் போன்றவற்றைப் பூனையின் கல்லீரலால் சிதைக்க முடியாது. அவை அதற்கு நஞ்சு. (மனிதர்களைக் கவரும் 'ஃபெரோமோன் சென்ட்' விற்பவர்களும் இதே ரகம். மனித ஃபெரோமோன் என்று உறுதியாக ஒன்றையும் இதுவரை யாரும் நிறுவவில்லை.)

கழுவுவதிலும் தவறு நடக்கிறது. வாசனைத் திரவம் உங்கள் மூக்கை ஏமாற்றும், பூனையை ஏமாற்றாது. அமோனியா கலந்த திரவம் அதற்கு இன்னொரு பூனையின் சிறுநீர்போல் தோன்றலாம். பிளீச் சிறுநீரோடு கலந்தால் நச்சு வாயு வரும். என்சைம் கலந்த சுத்திகரிப்பானே சரி. சோபாவை நகர்த்திப் பாருங்கள்: கறை பூனையின் வால் உயரத்தில் தொடங்கிக் கோடாக இறங்கி, தரையும் சுவரும் சேரும் இடுக்கில் தேங்கியிருக்கும். பலரும் தரையை மட்டும் துடைத்துவிட்டு, நெடி போகவில்லை என்கிறார்கள்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். சுவருக்கு முதுகு காட்டி, நிமிர்ந்த வால் நடுங்க, கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது வாசனைத் தடம். அடிக்கடி குந்தி உட்கார்ந்து முக்கினால், சொட்டுச் சொட்டாகப் போனால், கத்தினால், குறியை நக்கிக்கொண்டே இருந்தால் அது வேறு, சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. கற்களோ சளிபோன்ற கசடோ அடைத்துவிடும். மணல் தட்டில் முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று எண்ணி வைத்தியம் செய்பவர்கள் உண்டு. வயிற்றை அமுக்காதீர்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முழு அடைப்பு ஓரிரு நாட்களில் உயிரைப் பறிக்கும். கருத்தடை செய்த பூனைக்கும் இது வரும்.

உங்கள் பூனை மணல் தட்டில் சரளமாகச் சிறுநீர் கழிக்கிறது என்றால் அந்தப் பயம் இப்போது இல்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறியுங்கள். அப்போதே சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடச் சொல்லுங்கள். கதவோரத்தில் பீய்ச்சுவதால், வெளியே வேறொரு ஆண் பூனை வந்துபோகிறதா என்று பாருங்கள். வந்தால், அது கண்ணில் படாதபடி ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்து, வாசலில் அது விட்ட தடத்தையும் கழுவிவிடுங்கள்.